மலையில் ஓட்டு எங்கே தொலைகிறது

நீலகிரியில் ஓட்டுப்பதிவு நாளன்று ஓட்டை இழப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் அதற்குப் பல மாதம் முன்பே இழந்திருப்பார்கள். மழை விடாத ஒரு நவம்பர் சனிக்கிழமை பள்ளிக்கூட வராந்தாவில் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர், படிவக் கட்டோடு உட்கார்ந்திருப்பார். வரவேண்டியவர்கள் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள். விஷயம் தெரிய வருவது தேர்தல் அன்று, பூத் வாசலில்.

1993-ல் புகைப்பட வாக்காளர் அட்டை. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க மின்னணு இயந்திரம். 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வேட்பாளரின் சொத்து, வழக்கு, படிப்பு எல்லாம் பிரமாணப் பத்திரத்தில். 2013-ல் நோட்டா, 2019 மக்களவைத் தேர்தலில் எல்லா பூத்திலும் போட்ட ஓட்டைச் சீட்டில் காட்டும் விவிபேட், 2022-ல் பெயர் சேர்க்க வருடத்துக்கு நான்கு தகுதித் தேதிகள், 2025-ல் வீடு வீடாகப் பட்டியலைச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிரத் திருத்தம். எதையும் வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவற்றை வகுத்தவர்கள் நினைத்துக்கொண்ட வாக்காளருக்குக் கதவு எண் இருக்கிறது, போனில் சிக்னல் இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் பஸ் இருக்கிறது. எருமாட்டிலோ மசினகுடியை ஒட்டிய குக்கிராமங்களிலோ இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு வாய்ப்பது அபூர்வம். அதனால் இங்கே எந்தச் சீர்திருத்தம் வந்தாலும் முதலில் பார்க்கவேண்டியது பட்டியலை. இயந்திரம், நோட்டா எல்லாம் அதற்குப் பிறகு.

கதவு எண் இல்லாத வீடு

பெயர் சேர்க்கும் படிவம் 6-ல் ஆள் தடுமாறும் முதல் இடம் முகவரி. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீட்டுக்குப் பஞ்சாயத்துக் கதவு எண் பெரும்பாலும் இருக்காது. கரண்ட் பில் எஸ்டேட் பெயரில் வரும். கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னொரு சிக்கல். ஜன்மம் என்னும் பழைய நில உரிமைமுறையை ஒழித்த 1969 சட்டத்தின் பிரிவு 17-ல் மாட்டிக்கொண்ட நிலத்தில் இரண்டு தலைமுறையாகக் குடியிருப்பவருக்குப் பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் மின் இணைப்பும் பலருக்கு எட்டாக்கனி. படிவம் கேட்கும் முகவரிச் சான்றுகள் இவை: தண்ணீர், மின்சாரம் அல்லது கேஸ் பில், ஆதார், வங்கி அல்லது அஞ்சலகப் பாஸ்புக், பாஸ்போர்ட், வருவாய்த்துறை நில ஆவணம், பதிவு செய்த வாடகைப் பத்திரம், பதிவு செய்த கிரயப் பத்திரம். 'செக்‌ஷன் 17' குடும்பத்துக்கு இதில் பாதிக்கு மேல் அடிபட்டுப்போகும். மிஞ்சுவது ஆதாரும் பாஸ்புக்கும்.

இதில் மூன்று வழி திறந்திருப்பது பலருக்குத் தெரிவதில்லை. சான்று விண்ணப்பதாரர் பெயரிலேயே இருக்கவேண்டும் என்பதில்லை. அதே முகவரியில் ஏற்கெனவே வாக்காளராக இருக்கும் அப்பா, அம்மா, கணவன், மனைவி பெயரில் இருந்தாலும் எடுத்துக்கொள்வார்கள். எந்தச் சான்றுமே இல்லையென்றால் கைவசம் உள்ள வேறு காகிதத்தைக் குறிப்பிட்டுக் கொடுக்கலாம். அப்போது நேரில் வந்து விசாரிப்பது கட்டாயம். வீடே இல்லாதவர்களுக்கு முகவரி ஆவணமே தேவையில்லை. அவர் படுத்துத் தூங்கும் இடத்துக்கு பி.எல்.ஓ. இரவில் போய்ப் பார்த்து உறுதி செய்யவேண்டும் என்பதுதான் விதி. யானை நடமாடும் காட்டோரத்தில் இரவு விசாரணைக்கு எந்த பி.எல்.ஓ. போவார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனாலும் 'ஆவணம் இல்லை, படிவம் வாங்கமாட்டேன்' என்று ஒருவர் சொன்னால், விதி அப்படிச் சொல்லவில்லை என்று திருப்பிச் சொல்ல இது உதவும்.

முகவரியை எழுதும் முறையிலும் கவனம் வேண்டும். எஸ்டேட் பெயர், டிவிஷன், லயன் எண், அதில் எத்தனையாவது வீடு என்று ஒரே வரிசையில், வீட்டில் உள்ள எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதவேண்டும். ஒருவருக்கு 'மேல் லயன்', இன்னொருவருக்கு 'லயன் 3' என்று எழுதினால் ஒரே குடும்பம் பட்டியலில் பிரிந்து போகும். சில சமயம் பட்டியலின் வேறு வேறு பாகத்துக்கே, அதாவது வேறு பூத்துக்கே போய்விடும். அஞ்சலகப் பெயரும் பின்கோடும் சரியாக இருக்கவேண்டும். அட்டை இப்போது ஸ்பீட் போஸ்டில்தான் வருகிறது. தபால் எஸ்டேட் ஆபீசில் வந்து நிற்கும் இடங்களில், அங்கே கேட்டுப் பார்க்காமல் 'அட்டை வரவே இல்லை' என்று மறுபடி விண்ணப்பிப்பவர்கள் அதிகம்.

பட்டியலின் ஒரு பக்கம்

பாகப் பட்டியலை இறக்கிப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு 30 கட்டம், மூன்று பத்தியாக. ஒவ்வொரு கட்டத்திலும் மேலே இடப்பக்கம் வரிசை எண், வலப்பக்கம் அட்டை எண். கீழே பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம். படம் இருக்கவேண்டிய இடத்தில் புகைப்படம் உள்ளது என்ற குறிப்பு மட்டும். லயன் வீடுகள் உள்ள பாகத்தைப் பார்த்தால் பக்கம் முழுக்க ஒரே வீட்டு எண் ஓடுவதைக் காணலாம். மோசடி என்று பதறவேண்டியதில்லை. கதவு எண் இல்லாத வீட்டுக்கு அனுமான எண் போடுவது நடைமுறை. அதை எல்லாருக்கும் ஒரே எண்ணாகப் போட்டுவிட்டுப் போவது சோம்பேறித்தனம்.

இந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பது ஹட்டிக்காரர்கள். ஹட்டி என்னும் படுகர் ஊர்களில் போஜன், பெள்ளி, ஜோகி, மாதன் என்று பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வரும். இரண்டு பேர், இரண்டு பேருக்கும் அப்பா பெயர் ஒன்று, வயது ஒன்றிரண்டு வித்தியாசம், வீட்டு எண் ஒன்று. பெயர், உறவினர் பெயர், வயது மூன்றையும் ஒப்பிட்டு ஒரே மாதிரிப் பதிவுகளைத் தேடும் மென்பொருள் இந்த இருவரையும் ஒருவராக எண்ணிக் குறி போட்டுவிடும். கணினி தானாக யாரையும் நீக்குவதில்லை, பி.எல்.ஓ. நேரில் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த நேரம் வீடு பூட்டிக் கிடந்தால்தான் வம்பு. இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு: திருத்தத்துக்கான படிவம் 8 கொடுத்துப் பெயரில் ஊர்ப் பெயரின் முதலெழுத்தையோ தாத்தா பெயரின் முதலெழுத்தையோ சேர்த்துக்கொள்வது, வயதுக்குப் பதில் சரியான பிறந்த தேதியைப் பதிவது. ஆதாரிலும் அதே எழுத்து இருக்கும்படி பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லையென்றால் ஒரு தலைவலி போய் இன்னொன்று வரும்.

2022 ஆகஸ்டிலிருந்து படிவம் 8 நான்கு வேலையைச் செய்கிறது: குடிமாற்றம், திருத்தம், அட்டைக்கு மாற்று, மாற்றுத்திறனாளி என்று குறித்தல். முன்பு தொகுதிக்குள் மாறினால் ஒரு படிவம், வெளியே போனால் இன்னொன்று என்று இருந்தது. இந்த மாற்றம் உண்மையிலேயே சனங்களுக்கு உதவியது. குந்தாவிலிருந்து குன்னூருக்குக் குடிபோனாலும், திருப்பூர் அவிநாசிக்கே போனாலும் படிவம் 8 போதும், அட்டை எண் மாறாது. புதிதாகப் படிவம் 6 கொடுத்தால்தான் இரட்டைப் பதிவாகும்.

திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் எல்லாரும் குடிமாற்றம் கொடுக்கவேண்டுமா என்றால், இல்லை. 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் பிரிவு 20 தற்காலிகமாக ஊரில் இல்லாததை மட்டும் வைத்து ஒருவரின் வசிப்பிடம் போய்விட்டதாகச் சொல்லக்கூடாது என்கிறது. குடும்பமும் வீடும் மலையில் இருந்து, மாதம் ஒருமுறை வந்துபோகிறவர் இங்கேயே இருக்கலாம். ஆனால் விசாரணைக்கு வருகிறவரிடம் பக்கத்து வீட்டுக்காரர் 'அவங்க இப்ப இங்க இல்லைங்க' என்று நல்லெண்ணத்தில் சொல்லும் ஒரு வாக்கியத்திலேயே பெயர் 'நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவர்' கணக்கில் போய்விடும். வெளியூர் போகிறவர்கள் வீட்டிலும் பக்கத்திலும் சொல்லிவைக்கவேண்டிய வாசகம்: 'வேலைக்குப் போயிருக்காங்க, வீடு இதுதான்.'

வயநாட்டு எல்லையோரம், தாளூர், சேரம்பாடி, அய்யன்கொல்லி பக்கம் கதை வேறு. கல்யாணம் கட்டி வந்தவர்களும், இருபுறமும் நிலமுள்ளவர்களும் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருப்பதுண்டு. அதே 1950 சட்டத்தின் பிரிவு 17 அதைத் தடுக்கிறது. தீவிரத் திருத்தம் இரு மாநிலத்திலும் ஒரே காலத்தில் நடந்தபோது ஒரு கணக்கெடுப்புப் படிவத்தில் மட்டுமே கையெழுத்திடலாம் என்பதால் பலர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தது. ரேஷனும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் ஓட்டை வைத்துக்கொள்வது பிற்காலச் சிக்கலைக் குறைக்கும்.

தீவிரத் திருத்தம் கேட்ட காகிதங்கள்

தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4-ல் தொடங்கியது. டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தபோது 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடியாகக் குறைந்திருந்தனர். இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு எல்லாம் சேர்ந்து சுமார் 97 லட்சம் பெயர். செத்தவர்கள் பெயர் பட்டியலில் கிடந்தது உண்மை. அதை எடுத்தது சரி. உயிரோடு இருந்துகொண்டு போனவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அந்தந்த ஊரில் பார்க்கவேண்டிய கணக்கு.

இங்கே பலரைக் கலங்கடித்தது 2002, 2005 காலத்துப் பழைய பட்டியலில் தன் பெயரையோ பெற்றோர் பெயரையோ காட்டும் வேலை. 2008 தொகுதி மறுசீரமைப்புக்கு முந்தைய பட்டியல் அது. பாக எண்ணும் பூத்தும் இன்றைக்குள்ளவை அல்ல. இன்றைய பாக எண்ணை வைத்துக்கொண்டு தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயரை வைத்து அந்தக் காலத்துப் பள்ளிக்கூட பூத்தைக் கண்டுபிடித்து, பக்கம் பக்கமாகப் புரட்டவேண்டும். வெளியூரிலிருந்து வாழவந்த பெண்களுக்குப் பிறந்த ஊர்ப் பட்டியலில்தான் பெற்றோர் பெயர் இருக்கும்.

பழைய பட்டியலில் தொடர்பு காட்டமுடியாதவருக்கு நோட்டீஸ் வந்தது, ஆவணம் கேட்டார்கள். இங்குள்ளவர்களுக்குக் கைகொடுக்கக்கூடிய மூன்று காகிதங்கள் அந்த ஆவணப் பட்டியலிலேயே உண்டு: வன உரிமைச் சான்று, பழங்குடி அல்லது பட்டியல் சாதிச் சான்று, 1987 ஜூலை 1-க்கு முன் அரசோ வங்கியோ அஞ்சலகமோ எல்.ஐ.சி.யோ கொடுத்த எந்த அடையாளக் காகிதமும். பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் குடியிருப்புகளில் வன உரிமைப் பட்டாவைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். ஓட்டுக்கும் அது உதவும் என்று யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆதாரை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் பன்னிரண்டாவது ஆவணமாகச் சேர்க்கச் சொன்னது. அது அடையாளத்துக்கு மட்டும், குடியுரிமைக்குச் சான்றல்ல.

இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் விஷயத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கே குழப்பம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்து அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்கள் இந்தியக் குடிமக்களாகவே வந்தவர்கள். மறுவாழ்வு முகாம்களில் இருக்கும் இலங்கைத் தமிழர்களின் சட்டநிலை முற்றிலும் வேறு. பிறந்த இடம் கண்டி, நுவரெலியா என்று கண்டதும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கேள்வி எழுப்புவது நடக்கும். வரும்போது கொடுத்த இந்தியப் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் பரண்மேல் எங்கேயோ இருக்கும், அவைதான் பதில். அவர்களுடைய பிள்ளைகள் 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமக்கள். தன் பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ போதும், பெற்றோர் காகிதம் கேட்க இடமில்லை. அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர் பெற்றோரில் ஒருவருடையதையும், அதற்கும் பிறகு பிறந்தவர் இருவருடையதையும் காட்டவேண்டும்.

பெயர் போய்விட்டது என்று தெரிந்தால் கோபப்பட்டு நேரத்தை வீணாக்காமல் இரண்டு காரியம் செய்யவேண்டும். படிவம் 6 உடனே கொடுக்கலாம். முறையாக நோட்டீஸ் தந்து விசாரிக்காமல் நீக்கியிருந்தாலோ, மனுவை நிராகரித்திருந்தாலோ, வாக்காளர் பதிவு அலுவலரின் உத்தரவு வந்த 15 நாளுக்குள் கலெக்டரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் போகலாம். உத்தரவின் நகலை எழுத்தில் வாங்கவேண்டும். வாய்மொழியாக 'ரிஜெக்ட் ஆயிடுச்சு' என்றால் மேல்முறையீட்டுக்குக் காகிதம் இராது. கடைசி கட்டத்துக்கும் ஒரு எல்லை உண்டு: வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்படும். ஆட்சேபணைக்கான 7 நாளைக் கழித்தால், அதற்குப் பத்து நாள் முன்பாவது படிவம் போய்ச் சேர்ந்திருக்கவேண்டும்.

பதினேழு வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே படிவம் 6 கொடுத்துவிடலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எதில் 18 முடிகிறதோ அந்தக் காலாண்டில் பெயர் ஏறும். மேல்நிலைப் பள்ளியிலேயே வாங்கிவிடுவது சுலபம். கோவைக் கல்லூரிக்குப் போனபின் பிடிப்பது கஷ்டம்.

தகவல் யார் கையில்

தகவல் கிடைப்பது முன்னைவிட எவ்வளவோ மேல் என்பது பாதி உண்மை. பட்டியல் இணையத்தில் இருக்கிறது, ஆனால் படக்கோப்பாக. பெயரை டைப் செய்து அதற்குள் தேடமுடியாது. 2025 செப்டம்பருக்குப் பிறகு இணையவழிப் படிவங்களுக்கு ஆதார்வழிக் கையொப்பம் வந்தது. அடுத்தவர் பெயரில் நீக்கல் மனு போடும் மோசடியைத் தடுக்க அது வேண்டியதுதான். ஆனால் ஆதாரோடு இணைத்த சிம்மைத் தொலைத்தவருக்கு, அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஓர் எழுத்து வேறுபட்டவருக்கு, அந்தக் கதவு அடைபட்டது. காகிதப் படிவம் இன்னும் செல்லும். பி.எல்.ஓ.விடமோ தாலுகா ஆபீசிலோ கொடுத்து ஒப்புகைச் சீட்டைக் கிழித்து வாங்கிக்கொள்ளவேண்டும். அதில் உள்ள எண் இல்லாமல் பிறகு எதையும் கேட்கமுடியாது.

இன்டர்நெட் எடுக்காத இடத்தில் எஸ்.எம்.எஸ். வழி உண்டு. ஆங்கில எழுத்தில் இசிஐ என்று அடித்து, இடம் விட்டு, அட்டை எண்ணை 1950 என்ற உதவி எண்ணுக்கு அனுப்பினால் பதிவு விவரம் வரும். ஊரில் ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டில் நின்று இருபது அட்டையைச் சரிபார்த்துவிடலாம்.

படிவம் 6, பெயர் நீக்கக் கேட்கும் படிவம் 7, படிவம் 8 ஆகிய மனுக்களின் பட்டியல்கள் முறையே படிவம் 9, 10, 11 என்ற பெயரில் பதிவு அலுவலரின் பலகையிலும் இணையத்திலும் போடப்படும். இதில் பார்க்கவேண்டியது 10. யாருடைய பெயரை நீக்க மனு வந்திருக்கிறது என்பது அதில்தான் இருக்கும். பூத் ஏஜென்டுகள் இதைப் படித்தாலே பாதிப் பிரச்சினை முளையிலேயே தெரிந்துவிடும். கட்சிக்காரர்கள் பூத் கமிட்டிப் பட்டியல் போடுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை.

வேட்பாளரின் பிரமாணப் பத்திரம் படிவம் 26. அதை முழுக்கப் படிக்கவேண்டாம், கடைசியில் உள்ள சுருக்கத்தைப் பார்த்தால் போதும்: நிலுவை வழக்குகள், அசையும் அசையாச் சொத்து, கடன், அரசுக்குப் பாக்கி, வருமான வரிக் கணக்கு. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக்கூடாது என்பது 2013 தீர்ப்பு. வழக்கு உள்ளவர் மனு வாபஸ் நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவே மூன்று முறை செய்தித்தாளிலும் டி.வி.யிலும் விளம்பரம் தரவேண்டும். எத்தனை பேர் கண்ணில் படுகிறது என்பது வேறு. தேர்தல் நடத்தும் அலுவலரின் பலகையில் பத்திரத்தின் நகல் ஒட்டப்படும்; அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. எதிலாவது பொய் இருப்பதாகத் தெரிந்தால் யாரும் எதிர்ப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். அதுவும் பலகைக்கு வரும்.

திறந்த கதவு சாத்தப்படுவதும் உண்டு. தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததால் யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது வெளியே வந்தது. அதே வருடம் டிசம்பரில் தேர்தல் நடத்தும் விதிகளில் 93-வது விதி திருத்தப்பட்டு, பூத் கேமராப் பதிவு போன்றவை பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய ஆவணங்களிலிருந்து விலக்கப்பட்டன.

அந்த ஒரு நாள்

வீட்டுக்கு வரும் வாக்காளர் தகவல் சீட்டு, அதாவது பூத் சிலிப், அடையாள ஆவணம் அல்ல. ரேஷன் ஸ்மார்ட் கார்டும் அல்ல. மலையில் அதிகம் பேர் திரும்பிப் போவது இதனால்தான். வாக்காளர் அட்டை இல்லையென்றால் ஆதார், நூறு நாள் வேலை அட்டை, படம் ஒட்டிய பாஸ்புக், ஓட்டுநர் உரிமம், பான் போன்றவற்றில் ஒன்று வேண்டும். ஒரு பூத்துக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர் என்று குறைத்ததில் வரிசை சுருங்கியது, ஆனால் பூத்துகள் பிரிந்தன. பழைய பள்ளிக்கூடத்துக்கே நடந்து போய்விட்டு அடுத்த பள்ளத்துக்கு இறங்கவேண்டி வந்தால் வயதானவர்கள் வீட்டுக்குத்தான் திரும்புவார்கள். சிலிப்பில் முதலில் பார்க்கவேண்டியது பூத் பெயர்.

85 வயது கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுள்ளவர்களும் படிவம் 12டி கொடுத்தால் வீட்டிலேயே ஓட்டுப் போடலாம். தேர்தல் அறிவிக்கை வந்த ஐந்து நாளுக்குள் கொடுத்தாகவேண்டும். அதிகாரிகள் இரண்டு முறை வருவார்கள், மூன்றாம் முறை கிடையாது. 12டி ஏற்கப்பட்டவர் பிறகு மனம் மாறி பூத்துக்குப் போனால் ஓட்டுப் போடமுடியாது. கோத்தகிரி தாலுகாவில் இருந்தும் பவானிசாகர் வழியாகவே போய்ச் சேரவேண்டிய தெங்குமரஹாடா போன்ற ஊர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அங்கேதான் ஐந்து நாள் கெடு தெரியாமலே கடந்து போகும்.

எஸ்டேட் தொழிலாளிக்கு அன்று சம்பளத்தோடு லீவு: 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 135பி. தினக்கூலிக்கும் உண்டு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய்வரைதான், அதனால் பயம் இல்லை. கட்சி வண்டியில் ஏறி வருவது பற்றியும் சொல்லவேண்டும். வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை வண்டி வைத்து ஏற்றி வருவது ஊழல் நடவடிக்கை. மூன்று மாதச் சிறைவரை போகலாம். பஸ் இல்லாத ஊரில் இந்தத் தடை வயதானவர்களைத்தான் அடிக்கிறது. அதற்கு மாற்றாக மாற்றுத்திறனாளிகளுக்கும் நடக்கமுடியாதவர்களுக்கும் மாவட்ட நிர்வாகம் வண்டி அனுப்பும். 1950 என்ற உதவி எண்ணில் முன்கூட்டியே சொல்லவேண்டும், பட்டியலில் மாற்றுத்திறனாளி என்ற குறி இருந்தால் வேலை சுலபம்.

யானை வழியில் உள்ள குடியிருப்புக்காரர்கள் வெயில் ஏறியபின் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே திரும்புவார்கள். ஓட்டுப்பதிவு காலை 7 முதல் மாலை 6 என்றாலும் அவர்களுக்குக் கிடைப்பது அதில் பாதிதான். அந்த நேரத்தில் இயந்திரம் பழுதாகி நின்றால் காத்திருக்கமாட்டார்கள். குழுவாக வந்தால் நேரத்தை பூத்தின் தலைமை அலுவலரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. 6 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து டோக்கன் கொடுப்பார்கள். டோக்கன் வைத்திருப்பவரை எத்தனை மணி ஆனாலும் ஓட்டுப் போடாமல் திருப்பி அனுப்பமுடியாது.

பார்வையற்றவர், தள்ளாதவர் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம்; அந்தத் துணை அன்று ஒருவருக்கு மட்டுமே துணையாகலாம். ஊரில் எல்லாப் பாட்டிகளையும் ஒரே பேரன் கூட்டிப்போவது நடக்காது. விவிபேட் சீட்டு 7 விநாடி தெரியும். அழுத்திய சின்னம் வேறு, சீட்டில் வேறு என்றால் விதி 49எம்ஏ-படி எழுதிக்கொடுத்துச் சோதனை ஓட்டுக் கேட்கலாம்; புகார் பொய்யென்றால் வழக்கு வரும். தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால் 49பி. சினிமா புண்ணியத்தில் அது எல்லாருக்கும் தெரியும். அதில் தருவது காகித வாக்குச்சீட்டு, உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். இருந்தாலும் கேட்டு வாங்கவேண்டும், பதிவேட்டில் ஏறும்.

பூத் ஏஜென்டாக உட்காருபவர் படிவம் 17சி நகலை வாங்காமல் எழுந்திருக்கக்கூடாது. அந்த பூத்தில் பதிவான மொத்த ஓட்டு, இயந்திரத்தின் எண், முத்திரை எண்கள் எல்லாம் அதில் இருக்கும். எண்ணும் நாளில் ஒப்பிட வேட்பாளர் கையில் உள்ள ஒரே காகிதம் அது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு நகலை விட்டுவிட்டு வருபவர்கள் இங்கே அதிகம். பஸ் போனாலும் பரவாயில்லை என்று இருக்கக்கூடிய உள்ளூர் ஆளையே ஏஜென்டாகப் போடவேண்டும்.